ஜூன் மாதம் திடீரென்று வருவதில்லை: வீட்டு பட்ஜெட் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலம் அம்மாப்பேட்டையில் எங்கள் மகளிர் குழுவுக்கு ஒன்பது வருடமாக நான்தான் கணக்கு எழுதுகிறேன். பகலில் ஒரு நூல் கடையில் கணக்கு வேலை. குழுக் கூட்டம் முடிந்து பாயைச் சுருட்டும் நேரத்தில்தான் ஒவ்வொருவராகப் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்பார்கள், "அக்கா, எங்க வீட்டுக் கணக்கைப் பத்தி ஒண்ணு கேக்கணும்" என்று. பெரும்பாலும் அதே கேள்விகள்தான். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே இங்கே எழுதி, நான் சொன்ன பதிலையும், சொல்ல நேரமில்லாமல் விட்டதையும் சேர்த்திருக்கிறேன். வரிசையாகப் படித்தால் நல்லது, பின்னால் வருகிற பதில்கள் முன்னால் சொன்னதை நம்பித்தான் இருக்கின்றன.

"பட்ஜெட்னா என்னக்கா? செலவை எழுதி வைக்கிறதுதானே?"

இரண்டும் வேறு. செலவை எழுதுவது நடந்து முடிந்ததற்கு. பட்ஜெட் வரப்போகிற பணத்துக்கு. சம்பளம் வருவதற்கு முந்தின நாளே இது வாடகைக்கு, இது மளிகைக்கு, இது சீட்டுக்கு, இது ஜூனுக்கு என்று நோட்டில் இடம் ஒதுக்கிவிடுவதுதான் அது. ஆனால் முதலில் எழுதிப் பார்க்காமல் ஒதுக்க முடியாது, ஏனென்றால் எதற்கு எவ்வளவு ஆகிறது என்று நமக்கு உண்மையில் தெரியாது. எங்கள் வீட்டு மளிகை 4,000 ரூபாய் என்று நான் வருடக்கணக்காக நம்பிக்கொண்டிருந்தேன். எழுதிய முதல் மாதம் 6,350 வந்தது. கூட்டலில் தப்பு என்று நினைத்து மூன்று முறை கூட்டிப் பார்த்தேன்.

கணக்கு நமக்குப் பழக்கமில்லாத விஷயம் என்று யாரும் சொல்ல வேண்டாம். மொய் நோட்டு இல்லாத வீடு நம் பக்கத்தில் உண்டா? இருபது வருடத்துக்கு முன்னால் யார் 51 எழுதினார்கள், யார் 101 எழுதினார்கள் என்று பரணில் இருந்து எடுத்துப் பார்க்கிறோம். அந்த அக்கறையில் பாதியை நம் வீட்டுச் செலவுக்குக் கொடுத்தால் போதும்.

"வர்றதே பத்தலைங்க. இதுல எதைப் பிரிச்சு வைக்கிறது?"

நியாயமான கோபம். பத்தாத வீட்டுக்குத்தான் இது அதிகம் தேவை என்று நான் சொன்னால் பாதிப் பேர் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். இருந்தாலும் சொல்கிறேன். மாதம் ஒரு லட்சம் வருகிற வீட்டில் 2,000 ரூபாய் எங்கே போனது என்று தெரியாவிட்டாலும் ஒன்றும் ஆகாது. 18,000 வருகிற வீட்டில் அந்த 2,000 காணாமல் போனால் 25-ஆம் தேதி கைமாத்து கேட்க வேண்டும். கைமாத்து அடுத்த மாதச் சம்பளத்தில் இருந்து போகும், அடுத்த மாதம் இன்னும் சீக்கிரமாக 22-ஆம் தேதியே பணம் தீரும்.

பிரித்து வைப்பது அப்புறம். முதல் இரண்டு மாதம் ஒரு ரூபாய்கூட மிச்சம் பிடிக்க வேண்டாம், எழுதுங்கள், அவ்வளவுதான். எழுதியும் உண்மையிலேயே பத்தவில்லை என்று தெரிந்தால் என்ன செய்வது என்பதைக் கடைசிக் கேள்வியில் சொல்லியிருக்கிறேன்.

"நோட்டுல எழுதணுமா, போன்ல எழுதணுமா?"

எதில் எழுதினால் ஒரு மாதம் கழித்தும் எழுதிக்கொண்டிருப்பீர்களோ, அதில். என்னுடையது 192 பக்கக் கோடு போட்ட நோட்டு. மூலையில் ஓட்டை போட்டு, தறி நூலில் பேனாவைக் கட்டி, அடுப்படியில் அரிசி டப்பா பக்கத்து ஆணியில் தொங்கவிட்டிருக்கிறேன். பேனா கட்டியிருப்பதுதான் முக்கியம். பேனாவைத் தேடுகிற நேரத்தில் எழுத நினைத்தது மறந்துபோகும்.

கட்டம் நிறையப் போடாதீர்கள். யூடியூபில் பார்த்து இருபத்திரண்டு தலைப்பு போட்டுக்கொண்டு வந்த தங்கச்சி ஒருத்தி, உப்பை மளிகையில் எழுதுவதா சமையலில் எழுதுவதா என்று குழம்பி இரண்டே வாரத்தில் விட்டுவிட்டாள். தேதி, எதற்கு, எவ்வளவு, மூன்றே பத்தி. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஒரு டீயோடு உட்கார்ந்து வாரக் கூட்டலைப் போட்டுவிட்டால் கால் மணி நேர வேலை.

"எல்லாம் ஜிபேல தானே போகுது, அதுலயே கணக்கு இருக்கே?"

இருக்கிறது. யாருக்குப் போனது என்று இருக்கிறது, எதற்குப் போனது என்று இருக்காது. செவ்வாய்ப்பேட்டைக் கடைக்கு 1,840 போனது என்று காட்டும். அதில் துவரம்பருப்பு எவ்வளவு, விருந்தாளிக்கு வாங்கிய முந்திரி எவ்வளவு என்று காட்டுமா? அது போக, ஸ்கேன் பண்ணிக் கொடுக்கும்போது பணம் குறைவது கண்ணில் படாது. 500 ரூபாய்த் தாளை மாற்றும்போது மனசு ஒரு நிமிடம் யோசிக்கும். அந்த ஒரு நிமிடத்தைத்தான் நோட்டு திரும்பக் கொண்டுவருகிறது. போனில் போகிற பணத்தையும் ராத்திரி ஒரு தடவை பார்த்து நோட்டில் ஏற்றிவிடுங்கள்.

"தினமும் டீ, வாரம் ஒரு தட்டுவடை செட், இதையெல்லாம் நிறுத்தினாத்தான் காசு சேருமா?"

வேண்டாம். இதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. எங்கள் வீட்டில் நாலு பேர், சனிக்கிழமை சாயங்காலம் ஆளுக்கொரு செட், மாதத்துக்கு 500, 600 ரூபாய் ஆகும். பீட்ரூட்டும் கேரட்டும் துருவிப் போட்டு, சட்னி தடவி, அந்தத் தட்டுவடை நொறுங்குகிற சத்தத்துக்காக என் பையன் வெள்ளிக்கிழமையே காத்திருக்க ஆரம்பித்துவிடுவான். அதை நிறுத்தி மிச்சம் பிடித்தால் வீட்டில் எல்லோருக்கும் இந்த நோட்டின் மேலேயே வெறுப்பு வந்துவிடும். வெறுப்பு வந்தால் நோட்டு நிற்காது.

குடும்பத்தைக் கவிழ்க்கிற செலவு டீக்கடையில் இல்லை. வேறு இடத்தில் இருக்கிறது, அடுத்த கேள்வி அதுதான்.

"மாசா மாசம் எப்படியோ ஓடிடுதுங்க. ஜூன் வந்தா மொத்தமா கவுந்துடுது. ஏன்?"

இந்தப் பக்கம் முழுவதையும் நான் எழுத உட்கார்ந்ததே இந்த ஒரு கேள்விக்காகத்தான். 2017 ஜூன் முதல் வாரத்தில் என் மகளுக்குப் பள்ளிக் கட்டணம் கட்டப் பணமில்லாமல் என் செயினை அடகு வைத்தேன். அடகுக் கடைப் படியில் நிற்கும்போது பக்கத்தில் நின்ற அம்மா என்னிடம் கேட்டார், "என்ன கண்ணு, திடீர்ச் செலவா?" ஆமாங்க என்றேன். வீட்டுக்கு வந்து சோறு வடிக்கும்போதுதான் உறைத்தது, எது திடீர்? என் மகள் எல்.கே.ஜி. சேர்ந்ததில் இருந்து ஒவ்வொரு ஜூனிலும் பள்ளி திறக்கிறது. எனக்குத் தேதி தெரியும், தொகையும் தெரியும். அதற்குப் போய் வட்டி கட்டினேன்.

அன்று ராத்திரி நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, மாதா மாதம் வராத, ஆனால் வந்தே தீருகிற செலவுகளை எழுதினேன். இப்போதைய கணக்கில் அது இப்படி இருக்கிறது: பள்ளிக் கட்டணம் 38,000, நோட்டு சீருடை ஷூ 6,500, ஆடியில் கோட்டை மாரியம்மன் பண்டிகைக்கு உறவுக்காரர்கள் வந்து போக 4,000, தீபாவளி 15,000, பொங்கல் 5,000, வீட்டு வரி தண்ணீர் வரி 3,600, வண்டி இன்சூரன்ஸும் சர்வீஸும் 4,400, மொய் 12,000, காப்பீட்டுப் பிரீமியம் 7,500. கூட்டினால் 96,000. பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 8,000. எங்கள் இரண்டு பேர் சம்பளமும் சேர்த்து 34,000தான். அதாவது எங்கள் கையில் இருந்தது எப்போதுமே 26,000தான். மீதி 8,000 ஏற்கெனவே பேர் போட்ட பணம். அது தெரியாமல் 34,000-ஐயும் செலவு செய்துவிட்டு ஜூனில் அழுதோம்.

முதல் வருடம் 8,000 எடுத்து வைக்க முடியவில்லை, 4,500தான் முடிந்தது. அதுவே அடுத்த ஜூனில் அடகுக் கடைக்குப் போகாமல் காப்பாற்றியது. பள்ளிப் பணத்துக்கு மட்டும் வங்கியில் பன்னிரண்டு மாதத் தொடர் வைப்பு, மாதம் 3,700. மே முதல் வாரத்தில் தொடங்கினால் அடுத்த மே முதல் வாரம் வட்டியோடு கைக்கு வரும், கட்டணம் கட்டச் சரியாக இருக்கும். ஒரு நன்மை நான் எதிர்பார்க்காதது: கையில் பணம் இருந்தால் முன்னாலேயே கட்டலாம். சொத்து வரியை அரையாண்டு தொடங்கி ஒரு மாதத்துக்குள், அதாவது ஏப்ரல் 30, அக்டோபர் 31-க்குள் மாநகராட்சியில் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை உண்டு. பெரிய தொகை இல்லை, ஆனால் தாமதமாகக் கட்டி அபராதம் கொடுத்த வீட்டில் அது இப்போது வரவாக மாறியிருக்கிறது.

உங்கள் ஜூன் பக்கத்தை நீங்களேதான் எழுத வேண்டும். கேஸ் சிலிண்டர் மாற்றுகிற தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள். சென்னையில் இருக்கும் சொந்தக்காரர்களுக்கு மே மாதம் மாம்பழப் பெட்டி அனுப்புகிறீர்களா, அதையும் எழுதுங்கள். ஏற்காட்டில் இருந்து குழுவுக்கு வருகிற ஒரு அக்கா மே மாதத்தில் சேர்வராயன் கோயில் திருவிழாவை எழுதுகிறார். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒவ்வொரு ஜூன்.

"எங்க வீட்டுக்காரருக்கு வாரக் கூலி. ஒரு வாரம் வேலை இருக்கும், ஒரு வாரம் இருக்காது. எங்களுக்கெல்லாம் இது செட்டாகுமா?"

சேலத்தில் பாதி வீடு இப்படித்தான். நூல் விலை ஏறினால் தறியில் பாவு ஏறாது, நெசவு வேலை நின்றுவிடும். கொலுசுப் பட்டறையில் தீபாவளிக்கு முன்னால் ராத்திரி பகலாக வேலை, அப்புறம் வெள்ளி விலை ஏறிவிட்டால் ஆர்டர் வராது. ஏற்காட்டில் காப்பிப் பழம் பறிக்கிற மாதங்களில் கையில் காசு புரளும், மற்ற மாதங்களில் இழுபறி. இந்த வீடுகளில் பிரச்சினை கூலி குறைவு என்பதைவிட, நல்ல வாரத்தில் நல்ல வாரம் மாதிரியே செலவு செய்துவிடுவது.

இப்படிச் செய்து பாருங்கள். கடந்த பன்னிரண்டு வாரம் எவ்வளவு வந்தது என்று ஞாபகப்படுத்தி எழுதுங்கள். உதாரணத்துக்கு மொத்தம் 42,000 என்றால் சராசரி வாரம் 3,500. அதைவிடக் கொஞ்சம் குறைத்து, வாரம் 3,000 என்று வீட்டுக்கு நீங்களே ஒரு சம்பளம் வையுங்கள். 4,500 வந்த வாரத்திலும் சனிக்கிழமை 3,000தான் வீட்டுக்கு, 1,500 தனி டப்பாவுக்கு அல்லது தனிக் கணக்குக்கு. 1,200 மட்டும் வந்த வாரத்திலும் அதே 3,000தான் வீட்டுக்கு, குறையும் 1,800 டப்பாவில் இருந்து வரும். தொடங்கும்போது டப்பா காலியாக இருக்கும் என்பதால் வேலை நன்றாக ஓடும் சமயத்தில் தொடங்குங்கள். எங்கள் குழுவில் கொலுசுக்குக் கண்ணி பிடிக்கிற ஒருவர் தீபாவளிக்கு ஆறு வாரம் முன்னால் தொடங்கினார். தை மாதம் வந்து, "அக்கா, வேலை இல்லாத வாரம்கூட அரிசி வாங்கப் பயமில்லை" என்று சொன்னபோது அவர் குரலே வேறு மாதிரி இருந்தது.

"மளிகைச் செலவைக் குறைக்க வழி சொல்லுங்க."

இதை எல்லோருமே அறிவீர்கள், அதனால் சுருக்கமாக. பருப்பு, புளி, மிளகாய் மாதிரி கெடாத பொருளைச் செவ்வாய்ப்பேட்டை மொத்தக் கடையில் இரண்டு மூன்று வீடு சேர்ந்து வாங்கிப் பிரித்துக்கொள்ளலாம். காய்க்கு உழவர் சந்தை, காலையில் விலைப் பலகையைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். ரேஷனில் அரிசி இலவசம், துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் 25 ரூபாய். பையை எடுத்துக்கொண்டு போகச் சோம்பல்பட்டு விட்டுவிடுகிறவர்கள் வெளிக்கடை விலையோடு ஒருமுறை வைத்துப் பார்க்கட்டும். புரட்டாசியில் கறி எடுக்காத வீட்டில் அந்த மாதம் மிச்சமாகும் பணத்தை அப்படியே தீபாவளிக்கு எடுத்து வையுங்கள், அடுத்த மாதமே தேவைப்படும்.

ஒரே ஒரு எச்சரிக்கை: மொத்தமாக வாங்குவது மலிவு என்று மூன்று மாதத்துக்கு வாங்கி வண்டு விழுந்தால் அது மிச்சம் இல்லை. பிள்ளைகளின் பாலிலும் முட்டையிலும் கை வைக்காதீர்கள்.

"ஆயிரம் ரூபாய் உரிமைத்தொகை வந்துச்சு, பஸ்ஸும் இலவசமாச்சு. ஆனா வீட்டுல எந்த மாற்றமும் தெரியலையே?"

எனக்கும் அப்படித்தான் இருந்தது. 2021 மே மாதம் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று ஆனபோது எனக்கு மாதம் ஐந்நூறு ரூபாய்க்குக் கிட்ட மிச்சம். ஆறு மாதம் கழித்து நோட்டைப் புரட்டி, அந்த மூவாயிரம் எங்கே என்று தேடினேன். எங்கேயும் இல்லை. கொஞ்சம் பூவில், கொஞ்சம் பிஸ்கட்டில், கொஞ்சம் ரீசார்ஜில் கரைந்திருந்தது. அதனால் 2023 செப்டம்பரில் மகளிர் உரிமைத்தொகை தொடங்கியபோது, தகுதியுள்ள எங்கள் குழுப் பெண்களிடம் ஒன்றுதான் சொன்னேன்: பணம் வருவதற்கு முன்னால் அதற்கு ஒரு பேர் வையுங்கள். ஒருவர் பேத்தியின் பள்ளி வேனுக்கு என்று வைத்தார், இன்னொருவர் நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய் வட்டிக்கு வாங்கிய கடனுக்கு என்று வைத்தார். அவர்களுக்கு மாற்றம் தெரிந்தது.

கடன் தவணை ஒன்று முடிகிற மாதத்திலும் இதேதான். தவணை முடிந்த மறுமாதமே அந்தத் தொகையை ஜூன் பக்கத்துக்குத் திருப்பிவிடுங்கள். அந்தப் பணம் இல்லாமல் வாழ்ந்து பழகிவிட்டீர்கள் அல்லவா.

"ஐம்பது, முப்பது, இருபதுன்னு ஒரு விதி சொல்றாங்களே, அப்படித்தான் பிரிக்கணுமா?"

தேவைக்கு 50, ஆசைக்கு 30, சேமிப்புக்கு 20 சதவீதம் என்பது அமெரிக்காவில் இருந்து வந்த விதி. கணக்கு போடப் பழகுவதற்கு நல்லதுதான். ஆனால் வாடகை, சாப்பாடு, பள்ளி மூன்றுக்கே நம் வீடுகளில் 75 போய்விடுகிறது, ஊரில் இருக்கும் அப்பா அம்மாவுக்கு அனுப்புவதை எந்தக் கட்டத்தில் போடுவது என்று அந்த விதியில் இல்லை. உங்கள் நோட்டு மூன்று மாதம் என்ன சொல்கிறதோ அதுதான் உங்கள் விதி. அதில் இருந்து ஒரு மாதத்துக்கு ஒரு மாதம் கொஞ்சம் நகர்ந்தால் போதும்.

"கடன் இருக்கு. முதல்ல கடனைக் கட்டறதா, சேமிக்கிறதா?"

வட்டியைப் பார்த்துத்தான் பதில். நூற்றுக்கு மூன்று வட்டி என்று சாதாரணமாகச் சொல்கிறோம், அது மாதத்துக்கு. வருடத்துக்கு 36. 20,000 ரூபாயை மூன்று வட்டிக்கு வாங்கி வைத்திருந்தால் வருடம் 7,200 வட்டி. அதே 20,000 உங்கள் சேமிப்புக் கணக்கில் கிடந்தால் மூன்று சதவீதம் கிடைத்தால்கூட வருடம் 600 ரூபாய். ஒரு கையில் 600 வாங்கிக்கொண்டு மறு கையில் 7,200 கொடுக்கிறோம். கிரெடிட் கார்டில் குறைந்தபட்சத் தொகை மட்டும் கட்டிக்கொண்டு வருகிறவர்களும் இந்தக் கணக்கில்தான் இருக்கிறார்கள்.

தண்டல் இன்னும் மோசம், ஆனால் தினமும் நூறுதானே என்று தெரியவே தெரியாது. 10,000 தண்டல் என்றால் 1,500 பிடித்துக்கொண்டு 8,500 கொடுப்பார்கள், நூறு நாளைக்குத் தினம் 100. அந்த 8,500 நூறு நாளும் நம்மிடம் இருப்பதில்லை, தினமும் திருப்பிக் கொடுத்துக்கொண்டே வருவதால் சராசரியாகப் பாதி, 4,250தான் நம் கையில் இருக்கிறது. அதற்கு நூறு நாளில் 1,500 ரூபாய். வருடக் கணக்கில் பார்த்தால் நூறுக்கு 125-க்கும் மேல். இதை நான் கரும்பலகையில் போட்டுக் காட்டிய அன்று கூட்டத்தில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

அதனால்: ஒரு 5,000 ரூபாயை மட்டும் அவசரத்துக்கு ஒதுக்குங்கள், இல்லையென்றால் காய்ச்சல் வந்தால் மறுபடி தண்டல்காரரிடம்தான் போக வேண்டும். மீதியெல்லாம் அதிக வட்டிக் கடனுக்கு. நகை இருந்தால் வங்கியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ வைத்து அந்தப் பணத்தில் மூன்று வட்டியை அடைத்துவிடலாம், வட்டி பெரிய அளவில் குறையும். மிரட்டி அநியாய வட்டி வசூலித்தால் அதற்கு 2003-இல் கொண்டுவந்த கந்துவட்டித் தடைச் சட்டம் இருக்கிறது, போலீஸில் புகார் கொடுக்கலாம். வெட்கப்பட்டுக்கொண்டு வீட்டுக்குள் அழ வேண்டாம்.

"சீட்டு போடறது சேமிப்புதானே?"

எடுக்கிற வரை சேமிப்பு, எடுத்த பிறகு கடன். ஒரு லட்ச ரூபாய்ச் சீட்டு, இருபது மாதம், மாதம் 5,000 வரை என்று வைத்துக்கொள்வோம். மூன்றாவது மாதம் ஏலத்தில் 25,000 தள்ளி எடுத்தால் கைக்கு 75,000 வரும், இன்னும் பதினேழு மாதம் கட்ட வேண்டும். அந்த நாளில் இருந்து நோட்டில் அது கடன் பத்திக்கு மாற வேண்டும். மாற்றாமல் "சேமிப்பு 5,000" என்றே எழுதி ஏமாந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

தெரிந்தவர் நடத்துகிறார் என்பது போதாது. சீட்டு நிதிச் சட்டம் 1982-இல் இருந்து இருக்கிறது, பதிவுத்துறையில் அனுமதி வாங்கிப் பதிவு செய்த சீட்டா என்று எண்ணைக் கேளுங்கள். நடத்துபவருக்கான கமிஷன் 2019 திருத்தத்துக்குப் பிறகு அதிகபட்சம் 7 சதவீதம், அதற்கு முன்னால் 5. கேட்டால் கோபப்படுகிறவரிடம் சீட்டு போட வேண்டாம்.

"பொண்ணுக்கு நகைச் சீட்டு போடலாமா?"

நகை வாங்குவது நிச்சயம் என்றால் போடலாம். பெரும்பாலும் பதினொரு மாதம் கட்டுவோம், கடைசியில் நகையாகத்தான் எடுக்க முடியும், பணமாகத் திரும்பாது. ஆகவே இது அவசரப் பணத்துக்கு மாற்று இல்லை. சேதாரம், செய்கூலி எவ்வளவு தள்ளுபடி என்பதைச் சேரும்போதே எழுதி வாங்குங்கள், 3 சதவீதம் ஜி.எஸ்.டி. தனி. எடுக்கும்போது ஹால்மார்க்கோடு ஆறு இலக்க எழுத்தும் எண்ணும் சேர்ந்த முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள், 2023 ஏப்ரலில் இருந்து அது கட்டாயம்.

பெண்ணுக்குப் பத்து வயது ஆகவில்லை என்றால் தபால் நிலையத்தில் செல்வமகள் சேமிப்புக் கணக்கையும் யோசியுங்கள். வருடம் குறைந்தது 250 ரூபாய் கட்டினாலே கணக்கு உயிரோடு இருக்கும். எவ்வளவு கட்டலாம் என்பதை ஜூன் பக்கத்தை எழுதி முடித்த பிறகு முடிவு செய்யுங்கள், ஆர்வத்தில் தொடங்கிவிட்டு நடுவில் விட வேண்டாம்.

"ஒருத்தர் மாசம் பத்து சதவீதம் தர்றாராம். மிச்சமான பணத்தை அங்க போடலாமா?"

கூடாது. வருடத்துக்கு 120 சதவீதம் சம்பாதித்துக் கொடுக்கிற நேர்மையான தொழில் எதுவும் இல்லை. வங்கி வைப்புத்தொகைக்கு ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் வரை காப்பீடு இருக்கிறது, இவரிடம் கொடுத்ததற்கு என்ன இருக்கிறது? ஏமாந்த பிறகு பொருளாதாரக் குற்றப்பிரிவில் புகார் கொடுக்கலாம், பணம் திரும்ப வருடக்கணக்கில் நடக்க வேண்டும்.

"எங்க வீட்டுக்காரர் என்ன செலவு பண்றார்னு சொல்லவே மாட்டேங்கறார். நான் மட்டும் எழுதி என்ன பிரயோஜனம்?"

ரொம்ப பேர் மெதுவான குரலில் கேட்கிற கேள்வி. முதல் நாளே கணக்கு கேட்டால் யாருக்கும் சந்தேகப்படுகிற மாதிரிதான் தோன்றும். என் கணவர் தறி மெக்கானிக், அவரும் முதலில் வாயைத் திறக்கவில்லை. நான் கேட்பதை நிறுத்திவிட்டு, என் செலவை மட்டும் எழுதி நோட்டை எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி தொங்கவிட்டேன், என் புடவைக்கு ஆன 1,150-ஐயும் மறைக்காமல். இரண்டு மாதம் கழித்து ஒரு ராத்திரி அவரே பேனாவை எடுத்து "பெட்ரோல் 200" என்று எழுதினார். அன்று நான் ஒன்றும் சொல்லவில்லை, சாப்பாடு போட்டேன்.

இருவருக்கும் மாதம் ஒரு சின்னத் தொகை, கணக்கு கேட்காத பணமாக இருக்கட்டும். எங்கள் வீட்டில் ஆளுக்கு 700. ஆனால் குடிக்கே சம்பளம் போகிறது, கேட்டால் அடி என்கிற வீட்டில் நோட்டு வேலைக்கு ஆகாது. அங்கே முதலில் பாதுகாப்பு. 181 மகளிர் உதவி எண்ணுக்குப் பேசுங்கள், குழுவில் எங்களிடம் சொல்லுங்கள்.

"மூணு மாசம் எழுதினேன். அப்புறம் விட்டுட்டேன். மறுபடி முதல்ல இருந்தா?"

இல்லை. விட்ட நாட்களை ஞாபகப்படுத்தி நிரப்ப முயற்சி செய்யாதீர்கள், அதில்தான் எல்லோரும் சலித்துப்போய் நோட்டை மூடுகிறார்கள். ஒரு கோடு போட்டு, "விட்டுப்போனது" என்று எழுதி, இன்றைய தேதியில் இருந்து தொடருங்கள். 2020-இல் என் நோட்டில் இரண்டு மாதம் காலி. கடைசிப் பக்கம், அந்த ஜூன் பக்கம் மட்டும் இருந்தால்கூட பாதி வேலை நடக்கும்.

"எல்லாம் எழுதியாச்சுக்கா. வெட்டறதுக்கு ஒண்ணுமே இல்லை. அப்பவும் மாசம் ரெண்டாயிரம் குறையுது. இப்ப என்ன பண்றது?"

அப்படியென்றால் உங்கள் மேல் தப்பு இல்லை. இதை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். ஊதாரித்தனம் என்று வீட்டில் யாராவது சொன்னால் நோட்டை எடுத்துக் காட்டுங்கள். நோட்டால் வருமானத்தை உண்டாக்க முடியாது. குறைவது 2,000 என்று சரியாகச் சொல்ல முடியும். "பத்தலை" என்று பொதுவாகச் சொல்வதற்கும் "2,000 குறைகிறது" என்று சொல்வதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது, 2,000-க்கு வழி தேடலாம்.

இந்தக் கேள்வியைக் கேட்டவர் கணவரை இழந்தவர், இரண்டு பிள்ளைகள், ஒரு துணிக்கடையில் வேலை. நோட்டோடு உட்கார்ந்தோம். மூன்று வட்டிக் கடன் 25,000 இருந்தது, வட்டி மட்டும் மாதம் 750. குழுவில் உள்கடன் கொடுத்து அதை அடைத்தோம், நூற்றுக்கு ஒரு வட்டி, 250 ஆனது. அதில் 500 குறைந்தது. ஆதரவற்ற விதவைக்கான உதவித்தொகைக்குத் தகுதி இருக்கிறதா என்று தாலுகா அலுவலகத்தில் கேட்டு மனு எழுதினோம். ஞாயிற்றுக்கிழமைகளில் ஜாக்கெட்டுக்கு ஹெம்மிங், கொக்கி வைக்கிற வேலை வீட்டுக்கே வந்தது, மாதம் 900. மனுவுக்குப் பதில் வருவதற்கு முன்னாலேயே 2,000 என்பது 600 ஆகியிருந்தது. மனு இன்னும் அலுவலகத்தில் இருக்கிறது, அடுத்த திங்கட்கிழமை நானும் அவரும் போகிறோம், ரசீது நோட்டின் அட்டைக்குள் செருகி வைத்திருக்கிறார்.